சாமி வரும் வெள்ளிக்கிழமை

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். காலைப் பூசை முடிந்து மணி ஏழரை ஆகிறது. மீன் ஏலத்தின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. வெள்ளை அங்கியும் கழுத்தில் தொங்கும் சிறு பையுமாகப் பங்குத்தந்தை தெருவில் இறங்குகிறார். பைக்குள் நற்கருணைச் சிமிழ். முன்னால் உபதேசியார் நடக்கிறார். மாதத்தின் முதல் வெள்ளி. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நன்மை (நற்கருணை) கொடுக்கும் நாள். பதினோரு வீடுகள். வழியில் யாரிடமும் பேச்சில்லை. நன்மையைக் கொண்டுபோகும்போது பேசக் கூடாது என்பது இங்கே பழைய வழக்கம். ஏலக்காரர்களும் அவர் கடந்துபோகும்வரை குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி. மூத்த மகன் மஸ்கட்டில், இளையவர் சென்னையில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் துவைத்து மடித்த தடம் தெரிகிற வெள்ளைத் துணி, மெழுகுதிரி, ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன். "நாலு மணிக்கே முழிச்சிட்டாவ சாமி. திரிய ஏத்து, ஏத்துன்னு ஒரே தொந்தரவு" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெண்.

பாவசங்கீர்த்தனத்துக்காக எல்லாரும் வெளியே வருகிறோம். திரும்பிப் போனபோது சாமி அப்பத்தில் நகக்கண் அளவு பிட்டு, ஸ்பூன் தண்ணீரில் வைத்துப் பாட்டியின் வாயருகே கொண்டுபோகிறார். அதற்குமேல் அவரால் விழுங்க முடியாது. தொண்டை அசைந்து தண்ணீர் உள்ளே போகும்வரை சாமி குனிந்தே நிற்கிறார். பிறகு பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்: "அடுத்த மாசமும் நீங்கதான வருவீய? மாத்திர மாட்டாவள்ல?"

'ஒரு பங்குத்தந்தையின் விசுவாசமும் அன்றாடமும்' என்பதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பூசை, திருவிழா, அன்பியக் கூட்டம், திருமண ஓலை என்று எல்லாவற்றையும் எழுதலாம் என்றுதான் போனேன். அந்த ஸ்பூனைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது.

அன்று மாலை பங்கு அலுவலகத்தில் சாமி ஒரு பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கிலும் பதிவேடு இருக்க வேண்டும். இறப்புப் பதிவேட்டில் ஒரு கட்டம், இறந்தவர் கடைசித் திருவருட்சாதனங்களைப் பெற்றாரா என்று கேட்கிறது. முன்பு பணியாற்றிய பங்கில் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று தன் கையால் எழுத நேர்ந்ததைச் சொன்னார். கோயில் கட்டுமான வேலை மும்முரமாக நடந்த காலம். ஒரு பெரியவருக்கு நோயிற்பூசுதல் கேட்டு ஆள் வந்தபோது அவர் ஒப்பந்தக்காரரோடு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒரு மணி நேரத்தில் வருகிறேன்' என்று சொல்லி அனுப்பினார். போனபோது வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கோபுரத்த ஊரே பாராட்டுச்சு. எனக்கு இன்னைக்கும் அதப் பாத்தா அந்த 'இல்லை'தான் ஞாபகம் வருது" என்றார்.

என் கவலையும் இதுதான். நம் பங்குகளில் கோபுரம் உயர்கிறது, தேர் பெரிதாகிறது, கொடியேற்றத்துக்கு வெடி கூடுகிறது. சாமிமார் வீட்டுப்படி ஏறுவது மட்டும் குறைந்துகொண்டே போகிறது. பள்ளிக் கணக்கு, கட்டட ரசீது, திருவிழாக் கமிட்டி என்று பகல் முழுக்கப் போனபின், தெருவுக்கு என்ன மிச்சமிருக்கும்?

இந்தக் கடற்கரைக்கு விசுவாசம் கட்டடமாக வரவில்லை, கால்நடையாக வந்தது. 1542-ல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்தார். செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். தான் இல்லாத நாட்களில் செபம் சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். சாமிக்கு முன்னால் நடந்துபோன அந்த உபதேசியார், அந்த வழியில் வந்தவர்தான்.

பங்குத்தந்தையரின் பாதுகாவலரான ஜான் மரிய வியான்னி 1818-ல் பிரான்சின் ஆர்ஸ் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே இருந்தது ஏறத்தாழ 230 பேர்தான். வீடு வீடாகப் போய் அவர்களை அறிந்துகொண்டார். பிற்காலத்தில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய பிரான்ஸ் முழுவதிலுமிருந்து மக்கள் திரண்டார்கள்.

வீடு தேடிப் போவது வெறும் பழங்கதை அல்ல, இன்றைய சட்டம். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 529-ஆம் விதி, பங்குத்தந்தை குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், அவர்களுடைய கவலையிலும் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளை, அதிலும் சாகும் தறுவாயில் இருப்பவர்களை, அன்போடு கவனிக்க வேண்டும் என்கிறது. ஏழைகளையும் தனித்துக் கிடப்பவர்களையும் தேடிப் போகச் சொல்கிறது. 2013-ல் திருத்தந்தை பிரான்சிஸ், மேய்ப்பர்கள்மேல் ஆட்டின் வாசனை அடிக்க வேண்டும் என்று குருக்களைக் கேட்டுக்கொண்டதும் இதைத்தான்.

ஆள் பற்றாக்குறை, பள்ளிகளை யார் பார்ப்பது என்று கேட்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கையும் கட்டடத்தையும் பார்க்கப் பங்கில் நிதிக்குழு இருக்கிறது, படித்த பொதுநிலையினர் இருக்கிறார்கள். பாட்டியின் கட்டிலருகே சிமிழோடும் பாவமன்னிப்போடும் நிற்க, சாமியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? கடல் தொழிலை விட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட ஊர்களில், இந்தக் கேள்வி வருடத்துக்கு வருடம் கூர்மையாகிறது.

"வீட்டுக்குப் போனாத்தான் எனக்கு ஞாயித்துக்கெழம பிரசங்கமே வரும்" என்றார் சாமி. "அவங்களுக்கு நான் விசுவாசம் கொடுக்கப் போறேன்னுதான் ஆரம்பத்துல நெனச்சேன். அந்தப் பாட்டி நாலு மணியிலேருந்து காத்துக் கெடக்கிறாங்களே, அந்த விசுவாசம் எங்கிட்ட இருக்கான்னு ஒவ்வொரு முதல் வெள்ளியும் கேட்டுக்கிறேன்."

அன்று காலை, பதினோராவது வீட்டிலிருந்து திரும்பியதும் அவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். பதினான்கு தவறிய அழைப்புகள்: கட்டட வேலை, பள்ளி, ஒலிபெருக்கிக்காரர். அந்தப் பதினோரு வீடுகளிலிருந்து ஒன்றும் இல்லை. அவர்கள் கூப்பிட மாட்டார்கள். ஸ்டூலில் வெள்ளைத் துணியை விரித்துக் காத்திருப்பார்கள்.