பெயரை எழுதினால் வயது மாறுவது ஏன்?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுள் இன்று கணிப்பொறிக் கல்வி பயில்வோர் உளர். 1990-ஆம் ஆண்டில் டெக்னோபார்க் தோன்றிய நகரன்றோ அது! அவர்கள் தொடக்கத்தில் பயிலும் மொழிகளுள் ஒன்று சி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், 1970-களின் தொடக்கத்தில், டென்னிஸ் ரிட்சி என்பார் ஆக்கிய மொழி இது. விரைவும் சுருக்கமும் உடையது. ஆயினும் பயில்வோன் செய்யும் பிழையைத் தடுத்து நிறுத்தாத மொழி. அப்பிழைகளுள் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே வாய்த்தது போன்ற ஒன்றை இங்கே ஆராய்வோம்.

வகுப்பிலுள்ள 40 பேரின் வயதையும் பெயரையும் பதிந்துகொள்ளும் நிரல் ஒன்றை மாணவன் எழுதுகிறான் எனக் கொள்வோம். ஸ்டிரக்ட் என்னும் கட்டமைப்பில் பெயருக்கு 12 பைட்டும், அதனை அடுத்து வயதுக்கு 4 பைட்டும் ஒதுக்குகிறான். நிரல் முதலில் வயதைக் கேட்கிறது, 17 என்கிறான். அடுத்துப் பெயரைக் கேட்கிறது. கண்ணன் என்பதை ரோமன் எழுத்தில் தந்தால் யாவும் செம்மையாக நடக்கின்றன. தமிழெழுத்தில் தந்தாலோ, பெயர் பிழையின்றித் திரையில் தோன்றுகிறது. வயது மட்டும் கழித்தல் 52,57,50,560 என வருகிறது!

இதனைக் கண்ட பிள்ளை, தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது போலும் என எண்ணித் தன் பெயரை ரோமன் எழுத்துக்கு மாற்றிவிடுகிறான். வேற்று மாநிலத்தில் வளரும் பிள்ளைக்குத் தன் பெயரைத் தாய்மொழியில் எழுதும் வாய்ப்புகள் முன்பே அரியன. அவற்றுள் ஒன்று ஒரு தவறான எண்ணத்தால் கழிந்துபோகிறது. குற்றம் தமிழினுடையதன்று, இடம் ஒதுக்கிய கணக்கினுடையது.

அக்கணக்கைப் பார்ப்போம். கண்ணன் என்பதில் நம் கண்ணுக்குப் புலனாவன 4 எழுத்துகள். யூனிகோடு முறையிலோ மெய்யின் புள்ளியும் தனிக் குறியாக எண்ணப்படும். ஆகவே க, ண, புள்ளி, ண, ன, புள்ளி எனக் குறிகள் 6. இன்று பெருவழக்காயுள்ள யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். எனவே 18, சொல் முடிந்தது என்பதைக் காட்டும் சுழியம் ஒன்று, ஆக 19. ரோமன் எழுத்திலோ 6-உம் 1-உம் சேர்ந்து 7 போதும். மலையாள எழுத்துக்கும் இதே 3 பைட் கணக்குத்தான். ஆதலின் பக்கத்து இருக்கையிலுள்ள மலையாளத் தோழனும், தன் பெயரைத் தன் மொழியில் எழுதினால், இவ்விடரில் அகப்படுவான்.

12 பைட் இடத்தில் 19 பைட்டை எழுதினால் எஞ்சிய 7 எங்கே போகும்? 4 பைட் அடுத்திருக்கும் வயதின்மீது ஏறிவிடுகிறது. அங்கிருந்த 17 அழிந்து, னகரத்தின் 3 பைட்டும் புள்ளியின் முதற் பைட்டும் எண்ணாகப் படிக்கப்படுகின்றன. மற்ற 3 பைட் அடுத்த மாணவனின் பெயருக்குரிய இடத்துள் புகுகின்றன. அவன் பெயரைப் பின்னர் எழுதும்போது அவை மறைந்துவிடுவதால் ஒருவரும் அறிவதில்லை. நினைவகப் பிழையின் வஞ்சகம் இதுவே: தவறு செய்த இடம் ஒன்று, தவறு தெரியும் இடம் வேறு. மாணவன் வயதைப் படிக்கும் வரியையே திரும்பத் திரும்ப ஆராய்கிறான். அவ்வரியில் குற்றமே இல்லை.

இத்தகைய பிழை மாணவர்க்கு மட்டும் உரியதென எண்ணற்க. 1988-இல் இணையத்தில் பரவிய மாரிஸ் புழு என்னும் நிரல், 512 பைட் இடத்தில் அளவுக்கு மேல் எழுதவிட்ட ஒரு குறையையும் தன் வழிகளுள் ஒன்றாகக் கொண்டது. அக்குறைக்கு இடந்தந்த கெட்ஸ் என்னும் செயற்கூறு, 2011-இல் வெளிவந்த சி மொழித் தர வரையறையிலிருந்து அடியோடு நீக்கப்பட்டது.

இனி, பிழையைக் கண்டுபிடிக்கும் வழி. வால்கிரைண்ட், அட்ரஸ் சானிடைசர் ஆகிய கருவிகளை ஆசிரியர்கள் பரிந்துரைப்பர். மாலக் மூலம் பெற்ற இடத்தின் எல்லைக்கு அப்பால் எழுதுவதையும், திருப்பித் தந்த இடத்தை மீண்டும் தொடுவதையும் அவை நன்கு காட்டும். ஆனால் நம் எடுத்துக்காட்டில் அவை வாய் திறப்பதில்லை. வேலியைத் தாண்டினால் அவை குரல் கொடுக்கும். ஒரே வீட்டின் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குள் புகுந்தால் கொடுப்பதில்லை. கருவி ஒன்றும் சொல்லாமையால் நிரல் குற்றமற்றது என முடிவு செய்வது தகாது.

இங்கே உதவுவது ஜி.டி.பி. என்னும் பிழைதேடும் கருவி. இதனை 1980-களில் முதன்முதல் எழுதியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 2001-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைக்கத் திருவனந்தபுரத்துக்கே வந்தவர் அவர். ஜி என்னும் குறிப்பைச் சேர்த்து நிரலைத் தொகுத்து, மெயின் தொடங்குமிடத்தில் நிறுத்தி, முதல் மாணவனின் வயதின்மீது வாட்ச் என்னும் கட்டளையால் காவல் வைக்கவேண்டும். வயது மாறும்போதெல்லாம் நிரல் நிற்கும். முதல் முறை நிற்பது 17 பதியும்போது, அது முறையானதே. அடுத்து நிற்கும்போது பேக்டிரேஸ் என்று கேட்டால், பெயரை வாங்கும் வரி கண்முன் வந்து நிற்கும். ஊகத்துக்கு வேலையில்லை.

திருத்தம் எளிது. பெயருக்கு 64 பைட் ஒதுக்கி, ஸ்கேன்எஃப் வரியில் 63-க்கு மேல் வாங்காதே என வரம்பு கட்டவேண்டும். 63 என்பது சரியாக 21 தமிழ்க் குறிகள். ஆகவே தமிழ்ப் பெயர் நீண்டதாயினும் குறி நடுவில் முறியாது. பழைய 12-ஐ வைத்துக்கொண்டு 11 என வரம்பிட்டால் வயது பிழைக்கும், பெயரோ நான்காம் குறியின் நடுவே அறுபடும். திருத்திய நிரலைக் கண்ணனோடு விடாமல் மீனாட்சிசுந்தரம் என்னும் பெயரையும் தந்து சோதித்தல் நன்று: எழுத்து 9, குறி 16, முடிவுச் சுழியத்துடன் 49 பைட்.