தோலும் கட்டையும் – 17: பருத்திக்காட்டுப் பிள்ளை

சென்ற வாரம் மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், அல் ஜாக்சனின் டிரம்முக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றோடு தெற்கே இறங்கினால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஹெலினா வரும். ஆர்க்கன்சா மாநிலத்தின் கிழக்கு ஓரம், படித்துறை ஊர். அதற்கு மேற்கே பருத்திக் காடுகளுக்குள் போனால் டர்க்கி ஸ்க்ராட்ச். ஊர் என்று சொல்வதே அதிகம். வான்கோழி கிளறின இடம் என்று பேருக்குப் பொருள். இந்த வாரம் அந்தக் காட்டில் வளர்ந்த பிள்ளையின் கதை.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் நண்பர் ஒருவர் மிருதங்கம் வாசிக்கிறவர். டிரம்ஸ் என்றாலே அவருக்கு முகம் சுளிக்கும். "பாத்திரக் கடையில பூனை பூந்த மாதிரி இருக்கு சார்" என்பார். ஒருநாள் அவரைப் பிடித்து உட்காரவைத்து 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' படத்தைப் போட்டேன். 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் 'தி பேண்ட்' குழு நடத்திய விடைபெறும் கச்சேரி. மார்ட்டின் ஸ்கோர்செஸி எடுத்து 1978-ல் வெளியான படம். தாடிக்காரர் ஒருவர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மைக்கில் பாடிக்கொண்டே வாசிக்கிறார். நண்பர் ஒரு பாட்டு முடிகிறவரை வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "வரியை முடிச்சிட்டுத்தான் சார் கையைத் தூக்கறார். பாட்டுக்கு வாசிக்கிறவர்."

நம் ஊரில் பக்கவாத்தியக்காரருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. அந்தத் தாடிக்காரர்தான் லெவான் ஹெல்ம்.

ரசிகர்கள் அவரை வெறும் லெவான் என்றுதான் சொல்வார்கள், சித்தப்பா மகனைச் சொல்வதுபோல. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கை வேகம், கருவி, சாதனை என்று போக மாட்டார்கள். அடக்கமான மனிதர், மண் வாசனை மாறாதவர் என்றுதான் தொடங்குவார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் எனக்கு இந்தப் புகழ்ச்சியில் ஒரு சின்னக் குறை உண்டு. அடக்கத்தை அவருடைய சுபாவக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நான் கேட்டவரையில் அது அவர் கற்றுக்கொண்ட வித்தை. யாரிடம் கற்றார் என்று பார்க்கத்தான் டர்க்கி ஸ்க்ராட்ச் வரை வந்திருக்கிறோம்.

1940 மே 26-ல் பிறந்தவர். தகப்பனார் டயமண்ட், தாயார் நெல், பருத்தி விவசாயம். பாடுகிற குடும்பம். சனிக்கிழமை இரவு என்றால் வானொலியில் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சி. ஆறு வயதில் பையனை பில் மன்றோவின் புளூகிராஸ் கச்சேரிக்கு அழைத்துப் போனார்கள். இனி இதுதான் நம் வேலை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று பின்னால் லெவான் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பில் மன்றோ குழுவில் டிரம்மே கிடையாது. கிட்டார், பாஞ்ஜோ, ஃபிடில், நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ், மன்றோவின் கையில் மேண்டலின். எல்லாம் தந்தி. பேஸ் முதல் தட்டைப் போடும். இடைத் தட்டில் மன்றோ மேண்டலின் தந்திகளை அமுக்கி 'சக்' என்று வெட்டுவார். டிரம் இருக்கும் குழுவில் ஸ்னேர் டிரம் விழுகிற அதே இடம் அது. உலகம் கொண்டாடும் ஒரு டிரம்மருக்கு முதல் பாடம் டிரம் இல்லாத மேடையில் கிடைத்தது. தாளம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே இருந்து யாரும் கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை என்பதை ஆறு வயதில் காதால் கேட்டுவிட்ட பிள்ளை. கிட்டார் கைக்கு வந்த பிறகுதான் டிரம் குச்சி வந்தது. தங்கை லிண்டா துணி துவைக்கும் தொட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய 'பேஸ்' வாசிக்க, இவர் கிட்டாரோடு பாட, சுற்றுவட்டாரப் போட்டிகளில் இருவரும் மேடை ஏறினார்கள்.

இரண்டாவது பாடம் ஹெலினாவில். அங்கே கே.எஃப்.எஃப்.ஏ. என்று ஒரு வானொலி நிலையம். 1941 நவம்பரிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற நிகழ்ச்சி. கிங் பிஸ்கட் என்பது மைதா மாவின் பேர். மாவு விற்க ப்ளூஸ் பாட்டு. ஹார்மோனிகா வாசித்தவர் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சன். அவர் படத்தை மக்காச்சோள மாவுப் பையில் அச்சடித்து விற்கிற அளவுக்குப் பேர். வயலில் வேலை செய்கிற கறுப்பின மக்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து ஒலிபரப்பு. அந்தக் குழுவின் டிரம்மர் ஜேம்ஸ் 'பெக்' கர்டிஸ். இன்று ப்ளூஸ் ஆராய்கிறவர்களைத் தவிர அதிகம் பேர் அந்தப் பேரைச் சொல்வதில்லை. பையன் லெவான் ஹெலினாவுக்குப் போகிறபோதெல்லாம் நிலையத்தில் போய் நின்று கர்டிஸ் வாசிப்பதைப் பார்ப்பார். ஒற்றை ஹார்மோனிகா பாடும்போது டிரம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எங்கே ஒரு தட்டில் தோள் கொடுக்க வேண்டும் என்பதை அந்த அறையில் கற்றார். குரு என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் நான் கர்டிஸைத்தான் சொல்வேன்.

வேர் என்று பேச ஆரம்பித்தால் வேருக்குக் கீழே உள்ளதையும் தோண்ட வேண்டியிருக்கிறது. லெவான் பிறந்த சிற்றூரின் பேர் எலைன். அவர் பிறப்பதற்கு 21 ஆண்டுகளுக்கு முன், 1919 செப்டம்பர் 30 இரவு, அதன் பக்கத்தில் ஒரு சிறு தேவாலயத்தில் கறுப்பின வாரச் சாகுபடிக்காரர்கள் கூடினார்கள். பருத்திக்கு நியாயமான விலை கேட்கச் சங்கம் அமைப்பதுதான் பேச்சு. துப்பாக்கிச் சூடு நடந்தது. அடுத்த நாட்களில் வெள்ளையர் கும்பல்கள் காடு காடாகப் புகுந்து கொன்றன. வெள்ளையரில் ஐந்து பேர் இறந்தார்கள். கறுப்பினத்தவர் நூற்றுக்கு மேல் என்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள், பல நூறு என்கிறார்கள் வேறு சிலர். பன்னிரண்டு கறுப்பினத்தவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1923-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது; யாருக்கும் தண்டனை நிறைவேறவில்லை.

லெவான் இளைஞரானபோதும் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்த கோடு அப்படியேதான் இருந்தது. 1965-ல் தன் குழுவோடு ஹெலினாவுக்கு வந்தவர், முதுமையில் இருந்த சன்னி பாயைத் தேடிப்பிடித்து ஒரு பொழுது முழுக்கச் சேர்ந்து வாசித்தார். கறுப்பினத்தவர் பகுதியில் ஓர் உணவகத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போலீஸ் வந்து வெள்ளைப் பையன்களுக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டியது. சன்னி பாயை முன்னால் நிறுத்தி ஊர் ஊராக வாசிக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். அந்த மே மாதமே அவர் இறந்துவிட்டார்.

அப்போது குழுவின் பேர் 'லெவான் அண்ட் தி ஹாக்ஸ்'. அதற்கு முன்னால் ரானி ஹாக்கின்ஸ் என்ற ஆர்க்கன்சா பாடகர் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு இவரைக் கனடாவுக்குக் கூட்டிப் போயிருந்தார். லாவான் என்பதுதான் பெற்றோர் வைத்த பேர். அங்கே நாக்கு வசதிக்கு லெவான் ஆயிற்று. ராபி ராபர்ட்சன், ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மேனுவல், கார்த் ஹட்சன் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நால்வரும் கனடாக்காரர்கள். அமெரிக்கத் தெற்கின் ஆன்மா என்று பிற்காலத்தில் புகழப்பட்ட குழுவில் தெற்கத்தியர் ஒரே ஒருவர்.

1965-ல் பாப் டிலன் மின்கிட்டாரை எடுத்தபோது பின்னணிக்கு இவர்களை அழைத்தார். ஊர் ஊராகக் கூட்டம் கூச்சலிட்டது. நாட்டுப்புறப் பாடகரைக் கெடுத்துவிட்டார்கள் என்று கோபம். சில மாதத்தில் லெவான் குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்று மேடையில் கூலி வேலை. இந்த இடத்தை ரசிகர்கள் மிகவும் விரும்பிச் சொல்வார்கள், எனக்கும் பிடிக்கும். 1967-ல் கூப்பிட்டார்கள், திரும்பி வந்தார். நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக் பக்கத்தில் இளஞ்சிவப்பு நிற வீடு ஒன்று. அதன் பேரில் 1968-ல் 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்', மறு வருடம் குழுவின் புதுப் பேரிலேயே 'தி பேண்ட்'.

அந்த இரண்டாவது தொகுப்பில் டிரம் ஒலியைக் கவனித்துக் கேளுங்கள். அடகுக் கடையில் பிடித்த பழைய டிரம், விளிம்பு மரத்தால் ஆனது. தோலைத் தளர்த்தி, ஒலி நீளாமல் அமுக்கிவைத்திருப்பார். 'டப்' என்று விழுந்து உடனே அடங்கிவிடும். அடங்கிய இடத்தில் பாட்டு உட்கார்ந்துகொள்ளும். தட்டும் எண்ணிக்கையின் முன்னங்காலில் விழாது; மயிரிழை பின்னால் சாய்ந்து வரும். முதல் தொகுப்பில் உள்ள 'தி வெயிட்' பாட்டில் கிட்டார் தொடங்கிய பிறகு அவர் உள்ளே வரும் தட்டுகளைக் கேட்டால் சாமான் நிறைந்த வண்டி மெல்ல நகர ஆரம்பிப்பதுபோல இருக்கும். 'ராக் மாமா ராக்' பாட்டில் டிரம்மை மேனுவலிடம் கொடுத்துவிட்டுத் தான் மேண்டலின் எடுத்துக்கொண்டார். பாட்டுக்கு அது நல்லது என்று பட்டது, அவ்வளவுதான். எத்தனை டிரம்மர்கள் தங்கள் நாற்காலியை அப்படி விட்டுக்கொடுப்பார்கள்?

ஆனால் அடக்கமானவருக்குக் கோபம் வராது என்று நினைத்துவிடக் கூடாது. குழுவின் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுதியவர் என்று ராபர்ட்சன் பேர் மட்டுமே பதிவானது. உரிமைப் பணமும் அவருக்கே. எல்லோரும் சேர்ந்து உருவாக்கியதை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று லெவான் 1993-ல் வந்த தன் சுயசரிதையில் குமுறியிருக்கிறார். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்கைப் பற்றிய 'ஓல்ட் டிக்ஸி' பாட்டுக்காக, ஊர் சரித்திரம் தெரிந்துகொள்ள ராபர்ட்சனை நூலகத்துக்குக் கூட்டிப் போனதே நான்தான் என்கிறார். உரிமை பற்றிய குற்றச்சாட்டை ராபர்ட்சன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்து எழுதியவன் நான் என்பது அவர் பக்கம். 1994-ல் ராக் இசையின் புகழ்மண்டபத்தில் குழுவைச் சேர்த்தபோது லெவான் போகவில்லை.

ரசிகர்களில் பெரும்பாலோர் லெவான் பக்கம். என் மனசும் அங்கேதான் சாய்கிறது, ஆனாலும் ராபர்ட்சனைத் திருடன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சட்டத்துக்கு வரியும் மெட்டும்தான் பாட்டு. தட்டை எங்கே போடாமல் விட்டார் என்பதற்குக் காகிதத்தில் கட்டம் இல்லை. விட்டுக்கொடுத்து வாசிப்பதையே வித்தையாகக் கொண்டவருக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் தேறாது. 'ஓல்ட் டிக்ஸி' விஷயத்தில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவர் குரலில் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. எலைன் ஞாபகம் வந்தால் அந்தத் துக்கத்தில் யாருடைய துக்கம் விட்டுப்போயிற்று என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இதற்கிடையில் நடிப்பும் உண்டு. 1980-ல் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' படத்தில் பாடகி லொரெட்டா லின்னின் தகப்பனாராக, சுரங்கத் தொழிலாளியாக நடித்தார். நடித்ததாகவே தெரியாது. வேறு படங்களும் உண்டு, விட்டுவிடலாம்.

1990-களின் கடைசியில் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சு 28 முறை. குரல் போய்விட்டது, கிசுகிசுப்புதான் மிச்சம். மருத்துவக் கடன் உட்ஸ்டாக்கில் அவர் வீடும் ஒலிப்பதிவுக் கூடமுமான மரக் கொட்டகையை விழுங்கப் பார்த்தது. 2004-ல் அந்தக் கொட்டகையிலேயே சனிக்கிழமை இரவுக் கச்சேரி ஆரம்பித்தார். 'மிட்நைட் ராம்பிள்' என்று பேர். சிறுவயதில் ஊருக்கு வந்த கூடாரக் கலைக்குழுக்கள் பெரிய ஆட்டம் முடிந்தபின் நடத்தும் நள்ளிரவு ஆட்டத்தின் பேர் அது. சுமார் இருநூறு பேர் நெருங்கி உட்காரலாம். வருகிறவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். அவர் டிரம் இரண்டு கை எட்டும் தூரத்தில். முதலில் மற்றவர்கள் பாட, அவர் வாசிக்க மட்டும் செய்தார். பிறகு மெல்ல மெல்ல ஒரு வரி, ஒரு சரணம் என்று குரல் திரும்பியது. பழைய கம்பீரம் இல்லை; கரகரவென்று இருந்தது. மகள் ஏமி பக்கத்தில் நின்று கூடப் பாடினார். தாய் தகப்பனிடம் கேட்டுப் பழகிய பழைய பாட்டுகளையும் சேர்த்து 2007-ல் 'டர்ட் ஃபார்மர்' என்ற தொகுப்பு. அதற்கும், அடுத்து வந்த இரண்டுக்கும் கிராமி விருது கிடைத்தது.

2012 ஏப்ரல் 19-ல் காலமானார். சில நாள் முன்னால் ராபர்ட்சன் மருத்துவமனைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்துப் பொதுமக்கள் பார்வைக்காகக் கொட்டகையைத் திறந்துவிட்டபோது ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதே கச்சேரிக் கூடம், பெட்டி மூடியிருந்தது. மறுநாள் உட்ஸ்டாக் கல்லறையில், 1999-ல் போய்விட்ட ரிக் டாங்கோவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். குழுவில் பேஸ் வாசித்தவர் டாங்கோ. கச்சேரிகளில் லெவானின் காது எப்போதும் அவர் விரல்மேல்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஆலபாமா, மஸில் ஷோல்ஸ்: ரோஜர் ஹாக்கின்ஸ்.

(தொடரும்)