படம் பார்த்துக் கதை சொல்: சிறு பிள்ளைகளோடு பகிர நான்கு படப்புத்தகங்கள்



இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கும் நான் படப்புத்தகத்தைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் முதலாம் படிவ வகுப்பில் இருக்கிறது. ஒரு மாணவன் ஒரு பத்தியைப் பிழையில்லாமல் வாசித்தான். "சரி, என்ன சொல்லுது?" என்று கேட்டேன். "படிச்சிட்டேன் டீச்சர், ஆனா என்னா சொல்லுதுன்னு தெரியல" என்றான்.

ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழில்தான் பேசுகிறார்கள். ஆனால் ஏட்டுத் தமிழ் அவர்களில் பலருக்குப் பாடநூலிலும் சோதனைத் தாளிலும் மட்டுமே அறிமுகமாகிறது. எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்கத் தயங்குபவர்களும் இந்தப் பிள்ளைகள்தான். பேச்சுக்கும் ஏட்டுக்கும் பாலம் போட வேண்டிய வயது நான்கிலிருந்து ஏழு. அதற்குக் கையில் கிடைக்கும் நல்ல பொருள் படப்புத்தகம்.

நான் பயன்படுத்திப் பார்த்த நான்கைச் சொல்கிறேன்.

1. மை மதர்ஸ் சாரி (எழுத்து: சந்தியா ராவ், ஓவியம்: நினா சப்னானி, 2006)

சென்னை தூலிகா பதிப்பகத்தின் நூல். தமிழிலும் உண்டு. பக்கத்துக்கு ஒரு வரிதான். அம்மாவின் சேலை ஒரு பிள்ளையின் கண்ணில் ரயிலாகிறது, ஒளிந்து விளையாடும் இடமாகிறது. ஒருமுறை இதை ஒரு மாணவியின் வீட்டுக்குக் கொண்டு போனேன். ஐந்து வயதுத் தங்கையைப் பாட்டி மடியில் வைத்திருந்தார். "நீங்களே படிச்சுக் காட்டுங்க பாட்டி" என்றேன். "நான் மூணாவதோட நின்னுட்டேன்மா, எழுத்தெல்லாம் மறந்து போச்சு" என்று புத்தகத்தைத் திருப்பித் தந்தார். ஆனால் படத்தைப் பார்த்ததும், "உங்கம்மாவுக்கு இப்படி ஒரு சேலையிலதான் தொட்டில் கட்டுனேன். லயத்துல எல்லாப் புள்ளையும் அதுலதான் தூங்கும்" என்று பேத்தியிடம் பேச ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஓடிவிட்டது. எழுத்து மறந்தவரும் பிள்ளைக்குப் 'படித்துக் காட்ட' முடிகிற புத்தகம் இது.

2. அம்மாச்சீஸ் அமேஸிங் மெஷின்ஸ் (எழுத்து, ஓவியம்: ராஜீவ் ஐப்)

அம்மாச்சியும் பேரனும் தேங்காய் பர்பி செய்யப் புறப்படுகிறார்கள். வழியில் நெம்புகோல், கப்பி, சாய்தளம் எல்லாம் வந்துவிடுகின்றன. அறிவியல் பாடத்துக்கும் கைகொடுக்கும். செம்பனைக் குலையை லாரியில் ஏற்றுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளிடம், "நம்ம தோட்டத்துல இது மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

3. சுசீலாஸ் கோலம்ஸ் (எழுத்து: ஸ்ரீதலா சுவாமி, ஓவியம்: பிரியா குரியன்)

கண்ட இடமெல்லாம் கோலம் போடும் சிறுமியின் கதை. படித்து முடித்ததும் சாக்கட்டியைக் கையில் கொடுத்து விடுங்கள். எழுதப் பழகும் விரலுக்கு இது நல்ல பயிற்சி.

4. குட்நைட் டிங்கு (எழுத்து: பிரீத்தி நம்பியார், ஓவியம்: சோனல் குப்தா)

தூக்கம் வராத நாய்க்குட்டி இரவில் விழித்திருக்கும் உயிர்களைச் சந்திக்கிறது. கோல சிலாங்கூர் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நீட்டுவது சுலபம். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளை டிங்கு பார்த்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? பிள்ளைகளே அடுத்த பக்கத்தை வரையட்டும்.

எங்கே கிடைக்கும்?

பின்னவை மூன்றும் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் நூல்கள். அந்நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். தமிழ்த் தலைப்பு பிடிபடாவிட்டால் எழுத்தாளர் பெயரைக் கொண்டு தேடி, மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பாலர் பள்ளிக்கும் ஆண்டு 1க்கும் முதல் நிலை போதும். தோட்டத்தில் இணையம் சில நேரம் காலை வாரிவிடும், அதனால் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தவை என்பதால், எழுத்தாளர், ஓவியர், பதிப்பகம் ஆகியோரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்சிடலாம். நம் வட்டாரச் சொல்லைச் சேர்த்து மாற்றியும் எழுதலாம்.

எப்படிப் பகிர்வது?

முதல் முறை எழுத்தைப் படிக்காதீர்கள். படத்தைக் காட்டி, "இங்க என்னா நடக்குது?" என்று கேளுங்கள். பிள்ளை பேச்சுத் தமிழில் சொல்லட்டும், இடையில் மலாய்ச் சொல் கலந்தாலும் திருத்த வேண்டாம். இரண்டாம் முறை அச்சில் உள்ளதை அப்படியே நிறுத்தி வாசியுங்கள். "ஓடிக்கிட்டு இருக்கு" என்று தான் சொன்னது புத்தகத்தில் "ஓடிக்கொண்டிருக்கிறது" என்று இருப்பதைப் பிள்ளையின் காது தானாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் முறை பிள்ளை உங்களுக்குக் கதை சொல்லட்டும். பிள்ளையைக் கேட்பவராக மட்டும் வைக்காமல் கதை சொல்பவராக்கும் இந்த முறையை 1988இல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் ஆராய்ந்து, பிள்ளைகளின் பேச்சுத்திறன் வளர்வதைக் காட்டினார்கள்.

ஒரு வேண்டுகோள்: கதை முடிந்த கையோடு நீலாம் பதிவேட்டை நீட்டாதீர்கள். அதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் ஒரே ஒரு புத்தகத்தை அச்சிட்டு, ஒரு பிள்ளையின் பையில் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். "பாட்டிகிட்ட படம் காட்டிக் கதை கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்புங்கள். அந்தப் பிள்ளை ஏழெட்டு ஆண்டு கழித்து என் வகுப்புக்கு வரும்போது, வாசித்ததோடு நிற்காமல் என்ன சொல்லுது என்றும் எனக்குச் சொல்லும்.