மின்தேக்கி ஒலிவாங்கிகளை உரத்த ஒலிக்கு ஏற்பத் திருத்துதல்

விலை குறைந்த மின்தேக்கி ஒலிவாங்கிகளை உரத்த ஒலிக்கு ஏற்பத் திருத்துதல் என்பது, அவற்றின் உள்மின்சுற்றில் சிறு மாற்றங்கள் செய்து, பேரொலியையும் சிதைவின்றிப் பதியச் செய்யும் முறை ஆகும். 2019 இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் கோயில்களின் நாதசுவரமும் தவிலும், ஊர்ப்புறங்களின் பறையும், தெருக்கூத்தின் முகவீணையும் இத்தகைய பேரொலி மூலங்களாகும். குறைந்த செலவில் இவற்றைப் பதிவு செய்வோர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர் உச்சம் வெட்டுப்படுதலே. அவ்வாறு வெட்டுப்பட்ட ஒலியைப் பின்னர் முழுமையாக மீட்க இயலாது.

சிதைவு நிகழும் இடம்

இவ்வகை ஒலிவாங்கியில் மெல்லிய இடைத்திரையும் அதன் பின்னுள்ள நிலைத்தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. இடைத்திரை அசையும்போது தோன்றும் மின்னழுத்த மாறுதலை அருகிலுள்ள புலவிளைவு டிரான்சிஸ்டர் ஏற்று வெளியே அனுப்புகிறது. 1962 இல் பெல் ஆய்வகங்களில் கெர்ஹார்டு செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகியோர் உருவாக்கிய எலெக்ட்ரெட் வகையில் மின்னேற்றம் படலத்திலேயே நிலைத்திருப்பதால், அதற்கெனத் தனியாக உயர் மின்னழுத்தம் தேவைப்படுவதில்லை.

உரத்த ஒலியில் பெரும்பாலும் முதலில் தோற்பது இடைத்திரை அன்று, டிரான்சிஸ்டரே. எடுத்துக்காட்டாக, பலராலும் பயன்படுத்தப்பட்டு, பின்னர் உற்பத்தி நிறுத்தப்பட்ட பானசோனிக் டபிள்யூஎம்-61ஏ ஒலியுறையைக் கொள்ளலாம். இது 1 பாஸ்கல் அழுத்தத்திற்கு (94 டெசிபல்) ஏறத்தாழ 18 மில்லிவோல்ட் தரும். 120 டெசிபலில் அழுத்தம் 20 பாஸ்கல் ஆவதால் வெளியீட்டின் உச்சம் அரை வோல்ட்டை எட்டுகிறது. வழங்கப்படுவதோ 2 வோல்ட். அதிலும் 1 வோல்ட் வரை 2.2 கிலோ ஓம் மின்தடையிலேயே இறங்கிவிடலாம். அலை ஏறி இறங்க இடமில்லாமற்போகிறது. தவிலுக்கு மிக அருகில் வைத்தால் இந்த அளவு எளிதில் கடக்கப்படும். கலவைக் கருவியின் குமிழைக் குறைப்பதால் பயனில்லை. சிதைவு அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது.

லிங்க்விட்ஸ் மாற்றம்

சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் (1935–2018) என்னும் பொறியாளர் பெயரால் வழங்கும் இம்மாற்றத்தில், ஒலியுறையின் பின்புறம் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையை உலோக உறையுடன் இணைக்கும் மெல்லிய செப்புத் தடம் கூரிய கத்தியால் வெட்டப்படுகிறது. உறைக்குத் தனிக் கம்பி இடப்பட்டு, சோர்ஸ் முனையிலிருந்து சில கிலோ ஓம் மின்தடை வழியே ஒலிச்சைகை எடுக்கப்படுகிறது. மின்வழங்கல் 9 வோல்ட் மின்கலமாக மாறுகிறது. டிரான்சிஸ்டரின் பெருக்கம் ஒன்றுக்குச் சற்றுக் கீழாகக் குறைய, சிதைவும் வெகுவாகக் குறைகிறது. சூடு எலெக்ட்ரெட்டின் மின்னேற்றத்தைக் குலைக்குமாதலால், பற்றவைப்புக் கோல் இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் படலாகாது. இரு கம்பி இணைப்பை எதிர்பார்க்கும் கணினி, செல்பேசி ஆகியவற்றில் இதனை நேரடியாகச் செருக முடியாது.

மின்தேக்கி சேர்த்தல்

48 வோல்ட்டில் இயங்கும் பெரிய ஒலிவாங்கிகளில், ஒலியுறைக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கி சேர்க்கப்படுகிறது. ஒலியுறையின் கொள்ளளவு 60 பிக்கோஃபாரட் எனில், 130 பிக்கோஃபாரட் சேர்த்தால் ஏறத்தாழ 10 டெசிபல் குறையும். பாலிஸ்டைரீன் அல்லது மைக்கா வகையே ஏற்றது. டிரான்சிஸ்டரின் இரைச்சல் குறையாது, ஒலிச்சைகை மட்டுமே குறைவதால், திருத்திய ஒலிவாங்கி மெல்லிய பேச்சுக்கு உதவாது.

கடற்கரைச் சூழல்

மாமல்லபுரம் கடற்கரையில் இத்திருத்தம் தனிச் சிக்கலைத் தருகிறது. டிரான்சிஸ்டரின் உள்வாயிலில் உள்ள மின்தடை ஒரு கிகா ஓம் அளவினது. விரல் பட்ட வியர்வையோ, பற்றவைப்பில் எஞ்சிய பிசினோ, உப்புப் படிவோ ஈரக்காற்றை உறிஞ்சினால் அவ்விடத்தில் மின்கசிவு உண்டாகிப் படபடவென்ற இரைச்சல் எழும். எனவே ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்து, சிலிக்கா ஜெல்லுடன் மூடிவைப்பது வழக்கம். குளிரூட்டிய வண்டியிலிருந்து எடுத்தவுடன் இயக்கினாலும் இதே தொல்லை ஏற்படலாம்.

மாற்று வழிகள்

திறந்த வெளியில் தொலைவை இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபல். கல் மண்டபங்களில் எதிரொலியால் இப்பயன் குறைகிறது. தவிலுக்கு மட்டுமெனில் இயங்குசுருள் ஒலிவாங்கியே போதும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. முகவீணை, நாதசுவரம் ஆகியவற்றின் உயர் அதிர்வெண்களைத் துல்லியமாகப் பதியவே மின்தேக்கி வகை விரும்பப்படுகிறது.