மித்தியின் கருஞ்சேறு

மும்பையின் விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் பிறந்து, சாகிநாகா, குர்லா வழியாக ஏறத்தாழ 18 கி.மீ. ஓடி, தாராவியை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் கடல் சேரும் மித்தி ஆற்றின் மாசை அதன் நீரைக்கொண்டே பலரும் அளக்கின்றனர். ஆனால் அதில் கலக்கும் கன உலோகங்களின் பெரும்பகுதி தங்குவது சேற்றில்தான்.

களிமண் துகள்களின் பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால், நேர் மின்னூட்டமுள்ள உலோக அயனிகள் அவற்றின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. பரப்புக்கவர்ச்சி எனப்படும் இப்பிடிப்பை, எரிமலைப்பாறை சிதைந்து உருவான மும்பை மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் மேலும் இறுக்குகின்றன. சாக்கடைக் கழிவு அழுகி ஆக்சிஜன் தீர்ந்துபோன அடிச்சேற்றிலோ, சல்பேட்டு சல்பைடாக மாறி, காட்மியம், ஈயம், துத்தநாகம் ஆகியவற்றைக் கரையாத சேர்மங்களாக்கிப் பூட்டி வைக்கிறது. சேற்றின் கருநிறம் இரும்பு சல்பைடாலும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடாலும் வருவன. குரோமியம் சல்பைடாவதில்லை, தோல் பதனிடும் உப்பிலுள்ள அவ்வுலோகம் ஹைட்ராக்சைடாகப் படிகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலித் தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் வேரூன்றச் செய்த தோல் தொழிலில் பதனிடும் பகுதி பெரும்பாலும் வெளியேறிவிட்டது என்றாலும், படிந்த உலோகம் தொழிலோடு இடம்பெயர்வதில்லை.

ஒட்டியது என்றும் ஒட்டியே இருப்பதுமில்லை. எடுத்துக்காட்டாக, கிளைபோசேட்டு என்ற களைக்கொல்லி மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளைப் பற்றிக்கொண்டாலும், அதே இடத்துக்குப் போட்டியிடும் பாஸ்பேட்டு உரம் வந்தால் விலகி நீரில் கலக்கக்கூடும். கரை அரித்தால் மண்ணோடு சேர்ந்தே ஆற்றுக்குள் போகிறது. மித்தியில் இதை ஒத்த வேலையைச் செய்வது தூர்வாரும் எந்திரம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை கொட்டிய பின், மித்தியைத் தூர்வாருவது மழைக்காலத்துக்கு முந்தைய கட்டாயப் பணியாயிற்று. வெள்ளத்தைத் தடுக்க அது தேவைதான். ஆனால் கிளறப்பட்ட சேற்றில் காற்று பட்டதும் சல்பைடு ஆக்சிஜனேற்றமடைந்து சல்பேட்டாகி, பூட்டிய உலோகங்களை விடுவிக்கிறது. கடல் ஏற்றத்தின்போது உள்ளே வரும் கடல்நீரின் குளோரைடு, காட்மியத்தைக் கரைந்த நிலையிலேயே நிறுத்துகிறது. அகற்றிய சேற்றை டன் கணக்கில் அளப்பதில் காட்டும் அக்கறையை அதனுள் இருப்பதை அளப்பதிலும் காட்டினால்தான், அதை எங்கே கொட்டலாம் என்பதே தெரியும்.

மும்பையின் குடிநீர் முக்கியமாகப் பாட்சா, வைதர்ணா, தான்சா நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதால், இச்சேறு குழாய்நீரைத் தொடுவதில்லை. விடுபட்ட உலோகங்கள் சென்று சேர்வது மாஹிம் கழிமுகத்து அலையாத்திகளுக்கும், கோலி மீனவர்கள் வலைவீசும் கடலோரத்துக்கும்தான்.