பேய்ப் படத்தின் முதல் இரண்டு நிமிடம்: மரபைக் காப்பதும் மீறுவதும்

"பேய்ப் படம் எடுப்பதெல்லாம் ஒரு படிப்பா?" என்ற கேள்வி இன்று பெங்களூரில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில் எழுகிறது. காட்சித் தொடர்பியல், இதழியல், ஊடகவியல் என்று பாடத்தின் பெயர் எதுவானாலும், குறும்படம் எடுக்கும் பயிற்சி ஒன்று நம் பிள்ளைகளுக்கு எப்படியும் வந்துவிடுகிறது. அதில் பேய்க் கதைக்குத் தனி மவுசு உண்டு. காரணம் எளிது. பெரிய நடிகர் வேண்டாம், பாட்டு வேண்டாம்; ஒரு வீடும் ஓர் இரவும் போதும்.

நான் அடுகோடியில் குடியிருப்பவன். ஓசூர் சாலையில் 1969இல் தொடங்கி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிறைஸ்ட் கல்லூரி எங்களுக்கு அருகில்தான். அங்கும் வேறு கல்லூரிகளிலும் படிக்கும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள், பழைய இலக்கியமும் பழைய சினிமாவும் பேசுகிறவர் என்பதால், தாங்கள் எழுதியதை என்னிடம் காட்டுவது உண்டு. பெரும்பாலும் ஒரே தொடக்கம்தான்: காட்டுக்கு நடுவே ஒரு மர வீடு, இடி, மின்னல், மெழுகுவர்த்தி, தலைவிரி கோலமாக ஒருத்தி. "தம்பி, நம்ம பேட்டையில மர வீடு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தக் கேள்வியைச் சற்று விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பேய்ப் படத்தின் மரபு என்பது என்ன? அதில் எதைக் காக்க வேண்டும், எதை மீறலாம்? அந்த மரபு யாருடையது?

தொடக்கம் ஓர் ஒப்பந்தம்

இங்கிலாந்தில் மேல்நிலை வகுப்பு ஊடகப் பாடத்தில் பல ஆண்டுகள் ஒரு பயிற்சி இருந்தது. எடுக்கப்படாத ஒரு முழுநீளப் படத்தின் தொடக்கத்தை மட்டும், பெயர் எழுத்துகளோடு சேர்த்து, இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் எடுத்துத் தர வேண்டும். பிறகு, இந்த வகைப் படங்களின் மரபை எங்கே பின்பற்றினாய், எங்கே வளர்த்தாய், எங்கே எதிர்த்தாய் என்ற கேள்விக்கு விடை எழுத வேண்டும். லண்டனில் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகளும் இதைச் செய்திருக்கிறார்கள். நல்ல கேள்வி அது. கதை முழுவதையும் சொல்லவிடாமல் தொடக்கத்தை மட்டும் கேட்டதில்தான் அதன் நுட்பம் இருக்கிறது.

பார்வையாளர் இருட்டில் உட்கார்ந்ததும், முதல் இரண்டு நிமிடத்தில் படம் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. "உன்னைப் பயமுறுத்தப் போகிறேன், பயம் இந்தத் திசையிலிருந்து வரும்" என்று சொல்லிவிடுகிறது. வெளிச்சக் குறைவு, தனியாக இருக்கும் ஒருவர், ஆள் தெரியாமல் கேட்கும் ஓசை, கதவு, கிணறு, மாடிப்படி ஆகியவை அந்த ஒப்பந்தத்தின் சொற்கள். மரபு என்று நாம் சொல்வது இதைத்தான். ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அதில் ஒரு வரியை மாற்ற முடியும். எல்லா வரியையும் மாற்றினால் அது வேறு படமாகிவிடும். ஒரு வரியையும் மாற்றாவிட்டால், பார்வையாளர் அடுத்த காட்சியை நமக்கு முன்பே சொல்லிவிடுவார்.

மணிமேகலையில் ஒரு பேய்க் காட்சி

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தைச் சொல்லி, அது பிறக்கும் இடம் நான்கு என்று வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இன்றைய பேய்ப் படமும் கொலைப் படமும் இந்த நான்குக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மணிமேகலையின் ஆறாம் காதையில் சார்ங்கலன் என்ற பார்ப்பனச் சிறுவனின் கதை வருகிறது. புகார் நகரத்துச் சுடுகாட்டுக்குள் அவன் தனியே போய்விடுகிறான். கையில் ஒரு தலையை ஏந்திக் கூத்தாடும் பேயைக் காண்கிறான். நடுங்கி ஓடிவந்து தன் தாய் கோதமையிடம் சொல்லி உயிர் விடுகிறான். வேண்டாத இடம், தனியாள், காணக் கூடாத காட்சி, சாவு. இன்றைய மாணவர் எழுதும் தொடக்கமும் இதேதான்.

ஆனால் சாத்தனார் அங்கே நிற்கவில்லை. இன்றைய படமாக இருந்தால் அந்தப் பேய் அடுத்த ஆளைத் தேடிப் புறப்பட்டிருக்கும், அல்லது அது பழிவாங்கும் கதை நமக்குச் சொல்லப்பட்டிருக்கும். இங்கே கதை தாயின் பக்கம் திரும்புகிறது. கண்ணிழந்த கணவனோடு வாழும் கோதமை, மகனின் உடலைத் தூக்கிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்திடம் போய் நியாயம் கேட்கிறாள். வினைப்பயனால் போன உயிர் மீளாது என்கிறது தெய்வம். என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைத் தா என்கிறாள். தேவர்களையெல்லாம் வரவழைத்துக் கேட்டும் விடை அதேதான். பயத்தில் தொடங்கியது துக்கத்தில் வந்து நிற்கிறது. பேய் காட்சியை விட்டு எப்போது போயிற்று என்பதையே நாம் கவனிப்பதில்லை. மரபை முழுதும் காத்து, ஒரே இடத்தில் திருப்புவது என்றால் இதுதான்.

நம் திரையில் கண்ட வழிகள்

திரையில் நம்மவர் மனதில் பதிந்த மரபுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு, ராஜ் கோஸ்லா இயக்கி 1964இல் வந்த 'வோ கௌன் தி' என்ற இந்திப் படம். மழை இரவு. மருத்துவர் ஒருவர் காரில் வருகிறார். வெள்ளைச் சேலையில் ஒரு பெண் வழியில் நிற்கிறாள். ஏற்றிக்கொள்கிறார். அவள் இறங்கும் இடம் கல்லறைத் தோட்டம். இதுவே 1966இல் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிக்க 'யார் நீ' என்று தமிழில் வந்தது. மழை, கார், வெள்ளைச் சேலை, கல்லறை என்ற நான்கும் அதற்குப் பிறகு எத்தனை படங்களில் வந்தன என்று எண்ணி மாளாது.

இன்னொரு வகை மீறலும் நம்மிடம் உண்டு. ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' 1993இல் மலையாளத்தில் வந்தது. பி. வாசு அதை 2004இல் 'ஆப்தமித்ரா' என்று கன்னடத்திலும், 2005இல் 'சந்திரமுகி' என்று தமிழிலும் எடுத்தார். சந்திரமுகியின் தொடக்கம் அச்சத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சண்டை, பாட்டு, ரஜினியின் வருகை, அரண்மனை பிறகுதான். நட்சத்திரப் படத்தின் மரபு பேய்ப் படத்தின் மரபை வென்ற இடம் இது. மக்கள் கொண்டாடினார்கள் என்பது உண்மை. ஆனால் ரஜினி இல்லாத மாணவர் இந்த வழியில் போக முடியாது.

மாணவர் போகக்கூடிய வழியை மிஷ்கினின் 'பிசாசு' (2014) காட்டுகிறது. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணை, வயலின் வாசிக்கும் இளைஞன் ஒருவன் மருத்துவமனைக்குக் கொண்டு போகிறான். அவன் கையைப் பிடித்தபடியே அவள் இறந்துபோகிறாள். இருண்ட பங்களா இல்லை, சாபம் இல்லை, ஒரு சாவு மட்டும் இருக்கிறது. இறந்தவள் திரும்பி வருவாள் என்ற மரபை மிஷ்கின் காப்பாற்றுகிறார். பழிவாங்கத்தான் வருவாள் என்பதை மட்டும் மீறுகிறார். பேய் என்றாலே பகை அல்ல என்பது நமக்குப் புதிதும் இல்லை. பேயுருவை விரும்பிக் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையாரை வணங்குகிறவர்கள் நாம்.

மேல்நாட்டிலும் பெயர் பெற்ற மீறல்கள் இப்படித்தான் அமைந்தன. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இருட்டில் தொடங்கவில்லை. ஊர், தேதி, பிற்பகல் மணி எல்லாவற்றையும் எழுதிக் காட்டி, கணக்குப் புத்தகம் போலத் தொடங்குகிறது. 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் அண்ணனும் தங்கையும் தகப்பன் கல்லறைக்கு வருவது வெளிச்சம் இருக்கும்போதே. 'தி பிளேர் விட்ச் பிராஜெக்ட்' (1999) கதையில் காணாமல் போகிறவர்களே படம் எடுக்கப் போன மூன்று மாணவர்கள். அவர்கள் விட்டுச் சென்ற படச்சுருள் இது என்று நாலு வரி எழுத்தில் அறிவித்துவிட்டு, கை நடுங்கும் கேமராவோடு படம் நடக்கிறது. காசு இல்லாத குறையையே அவர்கள் புது மரபாக ஆக்கிவிட்டார்கள். மிகச் சிறு செலவில் எடுத்த அந்தப் படம் உலகெங்கும் 24 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

கதவில் எழுதிய பேய்

இனி நம் ஊருக்கு வருவோம். 1990களில் பெங்களூரில் வாழ்ந்தவர்களுக்கு 'நாளெ பா' நினைவிருக்கும். இரவில் ஒரு பெண் பேய் வந்து, வீட்டார் குரலிலேயே கூப்பிடும். கதவைத் திறந்தால் சாவு என்று பேச்சு பரவியது. அதற்கு மாற்றாகக் கதவிலும் சுவரிலும் கன்னடத்தில் 'நாளை வா' என்று எழுதி வைத்தார்கள். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுநாள் வந்து மறுபடி அதையே படிக்கும். 2018இல் வந்த 'ஸ்த்ரீ' என்ற இந்திப் படம் இந்தக் கதையைத்தான் மத்தியப் பிரதேசத்துச் சந்தேரிக்குக் கொண்டுபோய் வெற்றி பெற்றது. பம்பாய்க்காரர்கள் நம் தெருக் கதவிலிருந்து எடுத்துக்கொண்டது நம் பிள்ளைகள் கண்ணில் படவில்லை!

சொல்லைக் கவனியுங்கள். கன்னட 'நாளெ' தமிழ் 'நாளை'. கன்னட 'பா' தமிழ் 'வா'. காதால் கேட்டால் தமிழருக்கும் ஏறக்குறையப் புரியும். எழுத்தில் பார்த்தால் கன்னடம் படித்தவருக்கு மட்டுமே புரியும். இந்த வேறுபாட்டில் ஒரு முழுப் படத்துக்கான விதை இருக்கிறது.

அடுகோடியில் எடுப்பதானால்

மாணவர்களுக்கு நான் சொல்லிப் பார்க்கும் தொடக்கம் ஒன்றை இங்கே தருகிறேன். இரண்டு நிமிடம்தான்.

கறுப்புத் திரை. ஓசூர் சாலைப் போக்குவரத்தின் இரைச்சல் மெல்லக் குறைகிறது. சந்து வீடு ஒன்றின் மரக் கதவு. அதில் சாக்குக்கட்டியால் கன்னடத்தில் 'நாளெ பா'. உள்ளே கல்லூரிப் பெண் ஒருத்தி தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். கரண்ட் போகிறது. கதவு தட்டப்படுகிறது. அவள் அசையவில்லை, கதை அவளுக்குத் தெரியும். கன்னடத்தில் ஒரு குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. பிறகு அமைதி. போய்விட்டது என்று மூச்சு விடுகிறாள். இதுவரை மரபில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

மறுபடி தட்டும் ஓசை. இந்த முறை தமிழ். "பாப்பாத்தி, நாந்தாண்டி அப்பத்தா வந்திருக்கேன். கதவத் தொற கண்ணு." ஊரில் பாட்டி மட்டுமே வைத்துக் கூப்பிட்ட செல்லப் பெயர் அது. சுவரில் பாட்டியின் படம், மாலையோடு. கேமரா கதவில் உள்ள எழுத்தை மறுபடி காட்டுகிறது. வந்தவளுக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. பெண்ணின் கை தாழ்ப்பாளை நோக்கிப் போகிறது. படத்தின் பெயர்.

இங்கே மீறியது ஒன்றே ஒன்று: காப்பு வேலை செய்யவில்லை. இருட்டு, தனிமை, குரல், கதவு எல்லாம் பழையவை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் வந்துவிடுகிறது. கதவுக்கு வெளியே நிற்பது பேயா, பாட்டியா? திறப்பது முட்டாள்தனமா, பாசமா? வெளியூரில் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி முழுதாக வலிக்கும். மர வீட்டுக் கதையில் இந்த வலிக்கு இடமே இல்லை. செலவும் குறைவு, ஒரு கதவு, ஒரு விளக்கு, நல்ல ஒலிப்பதிவு போதும். முகத்தைக் காட்டவே வேண்டியதில்லை. காட்டாத பேய்க்கு வேஷம் கட்டும் செலவு இல்லை!

பெற்றோர்க்கு ஒரு சொல்

மரபைப் பின்பற்றவும் மீறவும் முதலில் அது கைவசம் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் படத்தின் மரபு கைவசம் இருக்கிறது, ஏனென்றால் அது அறைக்குள் தொலைக்காட்சியில் வருகிறது. புளியமரத்து முனி, உச்சிவெயிலில் கிணற்றடிக்குப் போகாதே என்ற எச்சரிக்கை, சார்ங்கலன், காரைக்காலம்மை இவையெல்லாம் நாம் சொன்னால்தான் வரும். பாட்டி ஊரில் இருக்கிறார். பேரப்பிள்ளை இங்கே இருக்கிறான். நடுவில் இருப்பவர்கள் நாம்தான்.

ஆகவே, பிள்ளை பேய்ப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் சலித்துக்கொள்ள வேண்டாம். "முதல் ரெண்டு நிமிஷம் என்னடா வச்சிருக்க?" என்று கேளுங்கள். பிறகு, உங்கள் ஊரில் எந்த மரத்தடியில் இருட்டின பிறகு யாரும் நடக்க மாட்டார்கள், ஏன் நடக்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையும் பேய்க் கதை என்றால் கடைசி வரை காது கொடுத்துக் கேட்கும். அந்த அரைமணி நேரம் முழுக்க அது தமிழ் கேட்டுக்கொண்டிருக்கும்.