"இல்லையே" என்பதற்குள் ஒரு தயக்கம்

பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி கேட்கிறோம். டப்பா காலி என்றால், "ஐயோ, இல்லையே!" என்று பட்டென்று பதில் வரும். இருந்தும் கொடுக்க மனமில்லை என்றால்? ஒரு கணம் தயங்கிவிட்டு அப்புறம்தான் அதே "இல்லையே" வரும். அந்தத் தயக்கம் போதாதா நமக்கு!

கம்ப்யூட்டரும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது என்று என் மகள் சொன்னபோது முதலில் சிரித்தேன்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தைப்பேறு சிகிச்சைக்காக ஓர் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் பதிவு செய்திருந்தாள். புகுந்த வீட்டில் அவள் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. "என் ஈமெயிலைப் போட்டுப் பார்த்து யாராவது கண்டுபிடிச்சிடுவாங்களாடி?" என்று என் மகளிடம் கேட்டாள். ஓரகத்தியின் வாய்க்கு அவ்வளவு பயம்!

மகள் அவள் எதிரிலேயே சோதித்தாள். தங்கையின் ஈமெயில், வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு. "ஈமெயில் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்று வந்தது. அடுத்து, பதிவே செய்யாத ஒரு ஈமெயில். அதே வாசகம்.

"அப்பாடா!" என்றாள் தங்கை.

"அவசரப்படாதீங்க சித்தி, நேரத்தைப் பாருங்க."

இல்லாத பெயருக்குக் கண் இமைப்பதற்குள் பதில். தங்கையின் பெயருக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. நாலு தடவையும் அப்படியே!

காரணம் இதுதான். பாஸ்வேர்டை ஒழுங்காகக் காப்பவர்கள் அதை அப்படியே எழுதி வைப்பதில்லை. திரும்ப எடுக்க முடியாதபடி அரைத்து வைப்பார்கள். நாம் போடுவதையும் அதேபோல் அரைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். திருடன் ஊகித்து ஊகித்துப் பார்க்கக் கூடாதென்று இந்த அரைப்பை வேண்டுமென்றே மெதுவாக வைத்திருப்பார்கள். பெயரே இல்லையென்றால் எதை அரைப்பது? உடனே பதில்! வித்தியாசம் கண்ணுக்குப் படாவிட்டாலும், பல தடவை அளந்து சராசரி பார்த்தால் தெரிந்துவிடுமாம்.

பிடிபடும் நேரத்தை வைத்தே ரகசியச் சாவியைக் கண்டுபிடிக்கலாம் என்று அமெரிக்கரான பால் கோச்சர் 1996-லேயே எழுதிவிட்டார். உலகெங்கும் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். மென்பொருளே 2016-ல் இதில் சறுக்கியது. இல்லாத பெயருக்கும் பொய்யாக அரைக்கத்தான் செய்தார்கள். ஆனால் வேறு முறையில்! 25,000 எழுத்துள்ள பாஸ்வேர்டை அனுப்பினால், இருக்கும் பெயருக்குப் பதில் தாமதித்தது. அதே வருஷம் சரிசெய்தார்கள்.

இதைச் சரிசெய்ய வேண்டியது இணையதளக்காரர்கள்தான். பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முறையில் ஒரே வேலையைச் செய்ய வேண்டும். "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா" பக்கத்திலும் இதே கவனம் தேவை. நம்மால் ஆவது, இதுபோன்ற அந்தரங்க விஷயத்துக்கு ஊரறிந்த ஈமெயிலைக் கொடுக்காமல், தனியாக ஒன்று வைத்துக்கொள்வது.

தங்கை அன்றே புது ஈமெயிலுக்கு மாறினாள். ஆஸ்பத்திரிக்கும் எழுதினோம். மூன்று வாரம் கழித்து மகள் மறுபடி பார்த்தபோது, இரண்டு பதிலும் ஒரே சமயத்தில் வந்தன.

"அதுக்கு முன்னாடியே அவ போட்டுப் பார்த்திருந்தா?" என்றாள் தங்கை.